எட்டாத தொலைவை அளக்கும் முக்கோணம்

கிழக்குத் தொடர்ச்சி மலையின் ஒரு பகுதியான ஜவ்வாது மலை, திருப்பத்தூர், வேலூர், திருவண்ணாமலை மாவட்டங்களில் பரவிக் கிடக்கிறது. அம்மலையில், ஆலங்காயத்தை அடுத்த காவலூரில், கடல்மட்டத்திலிருந்து ஏறக்குறைய 725 மீட்டர் உயரத்தில், இந்திய வான்இயற்பியல் நிறுவனத்தின் வைணு பாப்பு வானாய்வகம் இயங்கிவருகிறது. 1968ஆம் ஆண்டில் 38 சென்டிமீட்டர் விட்டமுடைய சிறு தொலைநோக்கியுடன் அங்கே தொடங்கிய விண்ணோக்குப் பணி, 1972இல் நிறுவப்பட்ட 1 மீட்டர் தொலைநோக்கியாலும், 1986இல் பயன்பாட்டுக்கு வந்த 2.34 மீட்டர் தொலைநோக்கியாலும் விரிவடைந்தது. வானாய்வகத்துக்கு இடம் தேடிக் கண்டு அதை வளர்த்தெடுத்து, அப்பெரிய தொலைநோக்கி நிறைவுறும் முன்பே 1982இல் மறைந்த வானியலாளர் வைணு பாப்புவின் பெயரே அதற்குச் சூட்டப்பட்டுள்ளது.

எவ்வளவு பெரிய தொலைநோக்கியாயினும், அது நேரடியாகத் தருபவை இரண்டே: ஒரு வான்பொருளிலிருந்து வரும் ஒளி, அந்த ஒளி வரும் திசை. அப்பொருள் எவ்வளவு தொலைவில் இருக்கிறது என்பதை எந்தக் கண்ணாடியும் தானாகச் சொல்லிவிடுவதில்லை. திசையிலிருந்து தொலைவைப் பெறுவதற்கு மனிதர் கண்ட மிகப் பழைய வழியும், இன்றுவரை மற்றெல்லா வழிகளுக்கும் அடித்தளமாக நிற்கும் வழியும் முக்கோணம் ஒன்றே. பள்ளிப் பாடநூலில் சில தேற்றங்களாகக் கற்பிக்கப்படும் முக்கோணத்தின் இயல்புகள், வயலின் பரப்பிலிருந்து விண்மீனின் தொலைவு வரை எவ்வாறு ஒரே இழையாகச் செல்கின்றன என்பதைக் காவலூரை நடுவாக வைத்து விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

மூன்று பக்கங்களும் ஓர் உறுதியும்

ஒரே நேர்கோட்டில் அமையாத மூன்று புள்ளிகளை நேர்கோட்டுத் துண்டுகளால் இணைக்கும்போது உருவாவது முக்கோணம். அப்புள்ளிகள் உச்சிகள் எனவும், இணைக்கும் துண்டுகள் பக்கங்கள் எனவும், உச்சிகளில் அமையும் திறப்புகள் கோணங்கள் எனவும் பெயர் பெறும். பக்கங்களை வைத்துப் பார்த்தால் மூன்றும் சமமான சமபக்க முக்கோணம், இரண்டு சமமான இருசமபக்க முக்கோணம், எதுவும் சமமாகாத அசமபக்க முக்கோணம் என்றும், கோணங்களை வைத்துப் பார்த்தால் மூன்றும் 90 பாகைக்குக் குறைந்த குறுங்கோண முக்கோணம், ஒன்று சரியாக 90 பாகையாகிய செங்கோண முக்கோணம், ஒன்று 90 பாகையை விஞ்சிய விரிகோண முக்கோணம் என்றும் அது வகைப்படும்.

எந்த முக்கோணத்திலும் இரு பக்கங்களின் கூட்டுத்தொகை மூன்றாவது பக்கத்தைவிடப் பெரிதாகவே இருக்கும். இரு புள்ளிகளுக்கிடையே நேர்கோடே மிகக் குறுகிய வழி என்னும் உண்மையின் மறுவடிவம் இது. சமவெளியிலிருந்து வளைந்து வளைந்து ஏறும் மலைப்பாதையின் நீளம் இரு ஊர்களுக்கிடையே உள்ள நேர்த்தொலைவைக் காட்டாததற்கும், அந்த நேர்த்தொலைவை அறிய நில அளவையர் பாதையை விட்டுவிட்டுப் பார்வைக்கோட்டை நாடுவதற்கும் காரணம் இதுவே. பெரிய கோணத்துக்கு எதிரே பெரிய பக்கமும், சம கோணங்களுக்கு எதிரே சம பக்கங்களும் அமையும் என்பது இதனோடு சேர்ந்து வரும் இன்னோர் இயல்பு.

முக்கோணத்தை மற்றப் பலகோணங்களிலிருந்து பிரித்துக் காட்டுவது அதன் உறுதி. நான்கு சட்டங்களை முனைகளில் திருகாணியால் பிணைத்துச் சதுரமாக்கினால், அதைச் சாய்த்து அழுத்தி வேறொரு நாற்கரமாக மாற்றிவிட முடியும். சட்டங்களின் நீளம் மாறாமலே கோணங்கள் மாறிவிடும். மூன்று சட்டங்களைப் பிணைத்தாலோ, எந்தச் சட்டமும் வளையாமலும் ஒடியாமலும் வடிவம் மாறவே முடியாது. மூன்று பக்கங்களின் நீளம் குறிக்கப்பட்ட உடனேயே மூன்று கோணங்களும் தீர்மானிக்கப்பட்டுவிடுவதே இதன் காரணம். உயர்மின் கோபுரங்களும், இரும்புப் பாலங்களும், கூரைகளைத் தாங்கும் சட்டங்களும், பெரிய தொலைநோக்கிகளின் இரு முனைகளிலும் உள்ள ஆடிகளைப் பிசகாமல் பிடித்துநிற்கும் திறந்த சட்டகங்களும் முக்கோணங்களாலேயே கட்டப்படுவது இந்த உறுதியை நம்பித்தான்.

கோணங்களின் கூட்டுத்தொகை

தளத்தில் வரையப்பட்ட எந்த முக்கோணத்தின் மூன்று கோணங்களைக் கூட்டினாலும் 180 பாகை கிடைக்கும். கி.மு. 300ஆம் ஆண்டளவில் யூக்ளிட் தொகுத்த வடிவியல் நூலின் முதற் பகுதியில் இடம்பெறும் இத்தேற்றத்தின் நிறுவல் மிகச் சுருக்கமானது. முக்கோணத்தின் மேலுச்சி வழியாக அடிப்பக்கத்துக்கு இணையாக ஒரு கோடு வரைந்தால், அடிப்பக்கத்தின் இரு முனைகளிலும் உள்ள கோணங்கள், ஒன்றுவிட்ட கோணங்கள் சமம் என்னும் விதிப்படி, மேலுச்சியின் இருபுறமும் வந்து அமர்கின்றன. மேலுச்சியின் சொந்தக் கோணத்தோடு சேர்ந்து அம்மூன்றும் ஒரு நேர்கோட்டை நிரப்புகின்றன. நேர்கோட்டின் மேல் அமையும் கோணம் 180 பாகை. ஒரு பக்கத்தை நீட்டும்போது வெளியே உருவாகும் வெளிக்கோணம், எதிரே உள்ள இரு உட்கோணங்களின் கூட்டுத்தொகைக்குச் சமம் என்பதும் இதிலிருந்தே பெறப்படுகிறது.

இணைகோடுகளையும் கோணங்களையும் பற்றிய இவ்விதிகள் வானத்தோடு தொடர்புடையவை என்பதைக் காவலூரில் துருவ நட்சத்திரத்தைப் பார்த்து உறுதிசெய்யலாம். அந்த விண்மீன் பூமியின் அச்சு நீளும் திசையில், மிகப் பெருந்தொலைவில் இருப்பதால், பூமியின் எந்த இடத்திலிருந்து அதை நோக்கினாலும் பார்வைக்கோடு பூமியின் அச்சுக்கு ஏறக்குறைய இணையாகவே அமையும். பூமியின் மையத்திலிருந்து காவலூருக்கு ஒரு கோடு வரைந்தால், அக்கோடு நிலநடுக்கோட்டுத் தளத்தோடு ஆக்கும் கோணமே காவலூரின் அட்சரேகை, அதாவது ஏறக்குறைய 12 பாகை 34 கலை. ஒரு பாகையில் 60 கலைகளும், ஒரு கலையில் 60 விகலைகளும் உண்டு. அதே கோடு பூமியின் அச்சோடு ஆக்கும் கோணம், 90 பாகையிலிருந்து அட்சரேகையைக் கழித்தது. இணைகோடுகளின் விதிப்படி, காவலூரில் தலைக்கு நேர்மேலுள்ள திசைக்கும் துருவ நட்சத்திரத்துக்கும் இடையே உள்ள கோணமும் அதுவே. தலைக்கு மேலிருந்து அடிவானம் வரை 90 பாகை என்பதால், அடிவானத்திலிருந்து துருவ நட்சத்திரத்தின் உயரம் அட்சரேகைக்கே சமமாகிறது. காவலூரில் அது ஏறக்குறைய 12½ பாகை உயரத்தில் தெரிவதும், அங்குள்ள 2.34 மீட்டர் தொலைநோக்கியின் சுழலச்சு அதே கோணத்தில் சாய்த்து நிறுத்தப்பட்டிருப்பதும் இதனால்தான். நிலநடுக்கோட்டுக்கு இவ்வளவு அருகில் இருப்பதால், வடவானத்தோடு தென்வானத்தின் பெரும்பகுதியையும் அங்கிருந்து ஆராய முடிகிறது.

வடிவமும் அளவும்

முக்கோணத்தின் மூன்று பக்கங்கள், மூன்று கோணங்கள் ஆகிய ஆறு உறுப்புகளில் எவற்றை அறிந்தால் மற்றவை தாமே தீர்மானமாகும் என்பது வடிவியலின் அடிப்படைக் கேள்விகளுள் ஒன்று. மூன்று பக்கங்கள் தெரிந்தால் போதும். இரு பக்கங்களும் அவற்றுக்கு இடைப்பட்ட கோணமும் தெரிந்தால் போதும். ஒரு பக்கமும் இரு கோணங்களும் தெரிந்தால் போதும். இவ்வாறு ஒன்றின் மேல் ஒன்று பொருந்தும் முக்கோணங்கள் சர்வசம முக்கோணங்கள் எனப்படும்.

மூன்று கோணங்கள் மட்டும் தெரிந்தால் நிலைமை வேறு. கோணங்கள் சமமான இரு முக்கோணங்களில் ஒன்று உள்ளங்கை அளவாகவும் மற்றொன்று ஒரு மாவட்டத்தின் அளவாகவும் இருக்க முடியும். அவை வடிவொத்த முக்கோணங்கள். ஒன்றின் ஒவ்வொரு பக்கமும் மற்றொன்றின் ஒத்த பக்கத்தோடு ஒரே விகிதத்தில் இருக்கும். கோணங்கள் வடிவத்தைத் தருகின்றன. அளவைத் தர ஒரு பக்கமாவது நேரடியாக அளக்கப்பட வேண்டும். நிலத்தையும் வானத்தையும் அளந்த வரலாறு முழுவதும் இந்த ஒரு வாக்கியத்தின் விரிவு என்று கூறினால் மிகையாகாது; ஏனெனில், கோணங்களை இருந்த இடத்திலிருந்தே எளிதாக அளக்க முடிந்த மனிதருக்கு, அந்த ஒரு பக்கத்தைக் கண்டு அளப்பதே ஒவ்வொரு காலத்திலும் பெருஞ்சோதனையாக இருந்தது.

கோணங்களையும் பக்கங்களையும் எண்களால் இணைப்பது சைன் விதி. செங்கோண முக்கோணத்தில் செங்கோணத்துக்கு எதிரேயுள்ள பக்கம் கர்ணம். ஒரு கோணத்துக்கு எதிரேயுள்ள பக்கத்தைக் கர்ணத்தால் வகுத்தால் வரும் ஈவு அக்கோணத்தின் சைன். எந்த முக்கோணத்திலும் ஒவ்வொரு பக்கமும் தன் எதிர்க்கோணத்தின் சைனோடு ஒரே விகிதத்தில் இருக்கும் என்பதே அவ்விதி. கி.பி. 499இல் ஆரியபட்டர் எழுதிய நூலில், 3 பாகை 45 கலை இடைவெளியில் 24 மதிப்புகளைத் தரும் சைன் அட்டவணை இடம்பெற்றுள்ளது. இந்திய வானியலாளரின் கணக்குகள் நூற்றாண்டுகள்தோறும் இத்தகைய அட்டவணைகளைக் கொண்டே நடந்தன.

வயலும் மலையும்

முக்கோணத்தின் பரப்பு, அடிப்பக்கத்தையும் அதற்குச் செங்குத்தான உயரத்தையும் பெருக்கியதில் பாதி. தமிழ்நாட்டு நில அளவையில் ஒவ்வொரு புலத்துக்கும் வரையப்படும் புலப்படம் இந்த எளிய விதியின் மேல் நிற்கிறது. எல்லைக்கற்களுக்கிடையே மூலைவிட்டக் கோடுகளை இழுத்துப் புலத்தை முக்கோணங்களாகப் பிரித்து, வளைந்து செல்லும் எல்லைகளுக்கு அக்கோடுகளிலிருந்து செங்குத்துத் தொலைவுகளை அளந்து, ஒவ்வொரு துண்டின் பரப்பையும் கூட்டுவதே அம்முறை. உயரத்தை அளக்க இயலாத இடத்தில் மூன்று பக்கங்களே போதும் என்பதை ஹெரான் வாய்பாடு காட்டுகிறது. 130, 140, 150 மீட்டர் பக்கங்களுடைய ஒரு நிலத்தில், சுற்றளவின் பாதி 210. அதிலிருந்து பக்கங்களைத் தனித்தனியே கழித்தால் 80, 70, 60. இந்நான்கு எண்களின் பெருக்கற்பலனுக்கு வர்க்கமூலம் எடுத்தால் 8,400 சதுர மீட்டர், அதாவது 0.84 ஹெக்டேர் அல்லது 2 ஏக்கருக்குச் சற்று மிகுதி எனப் பரப்பு கிடைத்துவிடும்.

நிலத்தை நடந்து அளக்கலாம். மலையின் செங்குத்து உயரத்தை நடந்து அளக்க முடியாது. ஜவ்வாது மலையின் அடிவாரச் சமவெளியில் ஓரிடத்தில் நின்று ஒரு முகட்டை நோக்கும்போது அதன் ஏற்றக்கோணம் 30 பாகையாகவும், முகட்டை நோக்கி 500 மீட்டர் நேராக நடந்து மீண்டும் நோக்கும்போது 45 பாகையாகவும் இருப்பதாகக் கொள்வோம். இரு நோக்கிடங்களும் முகடும் சேர்ந்து ஒரு முக்கோணமாகின்றன. 45 பாகை அம்முக்கோணத்துக்கு வெளிக்கோணம். ஆகவே, ஏறிப் பார்க்காமலே முகட்டில் அமையும் கோணம் 45இலிருந்து 30 போக 15 பாகை என்பது தெரிந்துவிடுகிறது. ஒரு பக்கமும் கோணங்களும் தெரிந்தபின், சைன் விதிப்படி அருகிலுள்ள நோக்கிடத்திலிருந்து முகடு வரையிலான சாய்தொலைவு ஏறக்குறைய 966 மீட்டர் எனவும், சமவெளிக்கு மேல் முகட்டின் உயரம் 683 மீட்டர் எனவும் கணக்கிடலாம். வேண்டியவை 500 மீட்டர் நாடாவும் ஒரு கோணமானியும் மட்டுமே.

பரங்கிமலையில் தொடங்கிய முக்கோணச் சங்கிலி

இதே முறையை ஒரு துணைக்கண்டம் முழுவதற்கும் விரித்த பணி தமிழ்நாட்டு மண்ணில்தான் தொடங்கியது. 1802ஆம் ஆண்டு ஏப்ரல் 10 அன்று, சென்னையை அடுத்த பரங்கிமலைப் பகுதியில் வில்லியம் லாம்டன் ஓர் அடிக்கோட்டை அளக்கத் தொடங்கினார். 100 அடி நீளமுள்ள எஃகுச் சங்கிலியைக் கொண்டு, வெப்பத்தால் அது நீளும் அளவையும் கணக்கில் எடுத்து, ஏறக்குறைய ஏழரை மைல் நீளமுள்ள அக்கோட்டை அளந்து முடிக்க ஆறு வாரங்களுக்கு மேலாயிற்று. அதன் பிறகு நீளத்தை அளக்க வேண்டிய தேவை பெரும்பாலும் ஒழிந்தது. அடிக்கோட்டின் இரு முனைகளிலிருந்தும் தொலைவிலுள்ள ஒரு குன்றை நோக்கிக் கோணங்களை அளந்தால் முதல் முக்கோணம் முடியும். அதன் கணக்கிடப்பட்ட பக்கமே அடுத்த முக்கோணத்துக்கு அடிப்பக்கமாகும். இவ்வாறு குன்றுக்குக் குன்று தாவிய முக்கோணங்கள் மேற்கே பெங்களூரையும் தெற்கே குமரிமுனைப் பகுதியையும் எட்டின.

கோணங்களை அளந்த தியோடலைட்டு என்னும் கருவி அரை டன் எடையும், மூன்றடி விட்டமுள்ள அளவுவட்டமும் உடையது. குன்றுகள் இல்லாத காவிரிச் சமவெளியில் கோயில் கோபுரங்களே நோக்கிடங்களாயின; 1808இல் தஞ்சைப் பெரிய கோயிலில் மேலே ஏற்றும்போது கயிறு அறுந்து கருவி சேதமுற, லாம்டனே அதன் வட்டத்தைப் பல வாரங்கள் உழைத்துச் சீர்படுத்தினார். 1804இல் பெங்களூருக்கு அருகே வேறோர் அடிக்கோடு நேரடியாக அளக்கப்பட்டபோது, சென்னையிலிருந்து முக்கோணங்கள் வழியே வந்த கணக்குக்கும் நேர் அளவீட்டுக்கும் வேறுபாடு சில அங்குலங்களே இருந்தது. லாம்டனுக்குப் பின் ஜார்ஜ் எவரெஸ்ட் முதலியோரால் இமயம் வரை நீட்டப்பட்ட இந்த மாபெரும் முக்கோண அளவைதான், 15ஆம் எண் சிகரம் எனக் குறிக்கப்பட்டிருந்த மலையே உலகின் மிக உயர்ந்தது என்பதை ராதாநாத் சிக்தர் கணக்கிட்டுக் காணவும் வழிசெய்தது.

இப்பணியில் 180 பாகைத் தேற்றம் இரண்டு வகையில் பயன்பட்டது. ஒவ்வொரு முக்கோணத்திலும் இரு கோணங்களே போதுமாயினும், மூன்றையும் அளந்து கூட்டிப் பார்த்தால் அளவீட்டுப் பிழை உடனே வெளிப்பட்டுவிடும். ஆனால், பெரிய முக்கோணங்களில் பிழையே இல்லாதபோதும் கூட்டுத்தொகை 180 பாகையைச் சிறிது விஞ்சும். ஏனெனில், அவை வரையப்பட்டிருப்பது தட்டையான தாளில் இல்லை, கோளவடிவான பூமியின் மேல். விஞ்சும் அளவு முக்கோணத்தின் பரப்புக்கு நேர்விகிதத்தில், ஏறக்குறைய 197 சதுர கிலோமீட்டருக்கு ஒரு விகலை வீதம் கூடும். 50 கிலோமீட்டர் பக்கமுள்ள சமபக்க முக்கோணத்தில் அது ஐந்தரை விகலை. நல்ல தியோடலைட்டால் காணக்கூடிய அளவு. பூமி உருண்டை என்பதை அதன்மேல் நின்றபடியே ஒரு முக்கோணத்தின் கோணங்கள் சொல்லிவிடுகின்றன.

லாம்டனின் அளவைக்குத் தீர்க்கரேகைத் தொடக்கமாக விளங்கியது 1792இல் கட்டப்பட்ட மதராஸ் வானாய்வகம். அதன் பணி 1899இல் கொடைக்கானலுக்கு இடம்பெயர்ந்தது. கொடைக்கானலின் தொடர்ச்சியாகவே காவலூர் பிறந்தது. நிலத்தை அளந்த முக்கோணத்துக்கும் வானத்தை அளக்கும் முக்கோணத்துக்கும் தமிழ்நாட்டில் ஒரே மரபுதான்.

மூன்று புள்ளிகளும் ஒரு வட்டமும்

முக்கோணத்தின் ஒவ்வொரு பக்கத்துக்கும் நடுப்புள்ளியில் செங்குத்துக்கோடு வரைந்தால், அம்மூன்று கோடுகளும் ஒரே புள்ளியில் சந்திக்கும். அது சுற்றுவட்ட மையம். மூன்று உச்சிகளிலிருந்தும் சம தொலைவில் இருப்பதால், அதை மையமாகக் கொண்ட ஒரே ஒரு வட்டம் மூன்று உச்சிகள் வழியாகவும் செல்லும். கோண இருசமவெட்டிகள் சந்திக்கும் உள்வட்ட மையம், உச்சியையும் எதிர்ப்பக்க நடுப்புள்ளியையும் இணைக்கும் நடுக்கோடுகள் சந்திக்கும் நடுக்கோட்டு மையம், உச்சியிலிருந்து எதிர்ப்பக்கத்துக்கு வரையும் செங்குத்துகள் சந்திக்கும் செங்கோட்டு மையம் ஆகியவை மற்ற மூன்று மையங்கள். இவற்றுள் சுற்றுவட்ட மையம், நடுக்கோட்டு மையம், செங்கோட்டு மையம் ஆகியன எந்த முக்கோணத்திலும் ஒரே நேர்கோட்டில் அமைவதை 18ஆம் நூற்றாண்டில் ஆய்லர் நிறுவினார்.

ஒரு வட்டத்தை முழுதும் பார்க்க வேண்டியதில்லை, அதன்மேல் மூன்று புள்ளிகள் போதும் என்னும் இவ்வியல்பு காவலூரின் புகழ்பெற்ற நோக்கீடு ஒன்றில் பயன்பட்டது. 1972ஆம் ஆண்டு ஜூன் 7 அன்று, வியாழனின் துணைக்கோள்களில் மிகப் பெரியதான கானிமீட், ஒரு விண்மீனைச் சிறிது நேரம் மறைத்துக் கடந்தது. விண்மீனின் ஒளிக்கதிர்கள் இணையாக வருவதால், பூமியின் மேல் விழும் கானிமீட்டின் நிழல் கானிமீட்டின் அளவே இருக்கும். இந்திய, பிரித்தானிய, அமெரிக்க வானியலாளர்கள் காவலூரிலும் இந்தோனேசியாவின் ஜாவா தீவிலும் இருந்து, விண்மீன் மறைந்த நொடியையும் மீண்ட நொடியையும் பதிவுசெய்தனர். மறைந்திருந்த நேரத்தை நிழலின் வேகத்தால் பெருக்கினால், ஓரிடத்தைக் கடந்த நிழல்வட்டத்தின் நாண், அதாவது வட்டத்தின் இரு புள்ளிகளை இணைக்கும் கோட்டுத்துண்டு, கிடைக்கும். இரண்டு இடங்கள் இரண்டு நாண்களை, அதாவது நான்கு புள்ளிகளைத் தந்தன. வட்டத்தைத் தீர்மானிக்க மூன்றே போதும். நாணின் பாதியும், மையத்திலிருந்து நாணுக்குள்ள செங்குத்துத் தொலைவும், ஆரமும் ஒரு செங்கோண முக்கோணமாவதால், கர்ணத்தின் வர்க்கம் மற்ற இரு பக்கங்களின் வர்க்கங்களின் கூட்டுத்தொகை என்னும் பிதாகரஸ் தேற்றம் மீதியை முடித்துக்கொடுத்தது. விண்மீன் சட்டென அணையாமல் மங்கி மறைந்ததைக் கொண்டு கானிமீட்டுக்கு மெல்லிய வளிமண்டலம் உண்டு என்றும் அக்குழுவினர் கருதினர். 1979இல் வாயேஜர் விண்கலம் அது அவர்கள் மதிப்பிட்டதைவிட மிக மிக மெல்லியது எனக் காட்ட, 1990களில் ஹபிள் தொலைநோக்கி அங்கே ஆக்சிஜன் இருப்பதைக் கண்டது.

சூரியனின் தொலைவு

கோள்கள் சூரியனைச் சுற்றும் காலங்களிலிருந்து அவற்றின் தொலைவுகளின் விகிதத்தைப் பெற கெப்ளர் வழிகாட்டியபின், சூரியக் குடும்பத்தின் வடிவம் தெரிந்துவிட்டது, அளவு தெரியவில்லை. பூமியின் தொலைவை 1 எனக் கொண்டால் வெள்ளியின் தொலைவு 0.72 என்று கூற முடிந்தது. அந்த 1 என்பது எத்தனை கிலோமீட்டர் என்று கூற முடியவில்லை. மூன்று கோணங்கள் மட்டும் தெரிந்த முக்கோணத்தின் நிலை இதுவே.

சூரிய வட்டத்தின் குறுக்கே வெள்ளி கடக்கும் அரிய நிகழ்வை வடக்கிலும் தெற்கிலும் தொலைவான இடங்களிலிருந்து நோக்கி இச்சிக்கலைத் தீர்க்கலாம் என எட்மண்ட் ஹாலி 1716இல் எடுத்துரைத்தார். இரு நோக்காளர்களின் பார்வைக்கோடுகள் வெள்ளியில் குறுக்கிட்டுச் சூரியனின் முகத்தில் இரு வேறு புள்ளிகளைத் தொடும். வெள்ளியில் உச்சி பொருந்திய இரு வடிவொத்த முக்கோணங்கள் அங்கே உருவாகின்றன. பூமிக்கும் வெள்ளிக்கும் 0.28, வெள்ளிக்கும் சூரியனுக்கும் 0.72 என விகிதம் அமைவதால், சூரியன்மேல் உள்ள இடைவெளி, நோக்காளர்களுக்கிடையே உள்ள தொலைவைப்போல் ஏறக்குறைய 2.6 மடங்காகும். கிலோமீட்டரில் தெரிந்த அந்த இடைவெளி எவ்வளவு கோணமாகத் தெரிகிறது என்று அளந்தால் சூரியனின் தொலைவு வந்துவிடும். 1761, 1769 ஆகிய ஆண்டுகளின் கடப்புகளுக்காக வானியலாளர்கள் உலகெங்கும் பயணம் செய்தனர். பிரெஞ்சு வானியலாளர் லெ ஜான்டி, முதற் கடப்பின்போது புதுச்சேரி ஆங்கிலேயர் வசமாகிவிட்டதால் கப்பலிலேயே நிற்க நேர்ந்து, இரண்டாம் கடப்புக்காக ஆண்டுக்கணக்கில் காத்திருந்து புதுச்சேரியில் நோக்ககம் அமைத்தபோதும், அன்று காலை மேகம் சூரியனை மறைத்துவிட்டது. மற்றவர்களின் அளவீடுகளிலிருந்து 15 கோடி கிலோமீட்டரை ஒட்டிய விடை கிடைத்தது. ரேடார் முதலிய முறைகளால் பின்னர் துல்லியமாக்கப்பட்ட அத்தொலைவு, 2012இல் 14,95,97,870.7 கிலோமீட்டர் என வரையறுக்கப்பட்டது.

விண்மீன்களுக்கு ஒரு முக்கோணம்

அடுத்த முக்கோணத்துக்கு அடிப்பக்கம் இதுவே. ஆறு மாத இடைவெளியில் பூமி தன் பாதையின் எதிரெதிர்ப் புறங்களில், ஏறக்குறைய 30 கோடி கிலோமீட்டர் இடைவெளியில் இருக்கும். அருகிலுள்ள ஒரு விண்மீனை அவ்விரு இடங்களிலிருந்தும் நோக்கினால், மிகத் தொலைவிலுள்ள விண்மீன்களின் பின்னணியில் அது சிறிது இடம் மாறித் தோன்றும். இவ்விடமாறு தோற்றத்தின் பாதிக் கோணம், விண்மீனை உச்சியாகவும் பூமி–சூரியத் தொலைவைச் சிறு பக்கமாகவும் கொண்ட செங்கோண முக்கோணத்தின் உச்சிக்கோணம். அக்கோணம் ஒரு விகலையாக அமையும் தொலைவு ஒரு பார்செக், அது 3.26 ஒளியாண்டு, அல்லது பூமி–சூரியத் தொலைவைப்போல் 2,06,265 மடங்கு.

காவலூரின் தென்வானில் அடிவானத்துக்கு மேல் ஏறக்குறைய 16½ பாகை வரை எழும் ஆல்பா செண்டாரி, சூரியனுக்கு மிக அண்மையிலுள்ள விண்மீன் தொகுதியைச் சேர்ந்தது. அதன் கோணம்கூட 0.75 விகலையே, ஒரு சென்டிமீட்டர் அகலமுள்ள பொருளை 2.75 கிலோமீட்டருக்கு அப்பாலிருந்து பார்க்கும்போது அமையும் கோணம் அது. ஒன்றை 0.75ஆல் வகுத்தால் 1.33 பார்செக், அதாவது 4.3 ஒளியாண்டுக்குச் சற்று மேல் எனத் தொலைவு கிடைக்கிறது. பூமியின் காற்று மண்டலமே விண்மீனின் உருவை ஒரு விகலைக்கு மேல் கலங்கச் செய்துவிடும் நிலையில், அதன் நடுப்புள்ளியை மீண்டும் மீண்டும் அளந்தால்தான் இத்தகைய நுண்கோணம் பிடிபடும். இந்த இடமாற்றத்தைக் காண இயலாமையே பூமி நகரவில்லை என்பதற்குச் சான்றாக ஒரு காலத்தில் காட்டப்பட்டது. 1838இல் ஃபிரெட்ரிக் பெசல் 61 சிக்னி என்னும் விண்மீனின் கோணத்தை ஏறக்குறைய 0.31 விகலை என அளந்து வெளியிட்டபோது அந்த ஐயம் நீங்கியது. நன்னம்பிக்கை முனையில் தாமஸ் ஹென்டர்சன் ஆல்பா செண்டாரியை நோக்கி எடுத்த அளவீடுகள் அடுத்த ஆண்டு வெளிவந்தன.

முக்கோணம் ஒடுங்க ஒடுங்கப் பிழையின் தாக்கம் பெருகும். நில அளவையர் 30 பாகைக்குக் குறைந்த கோணங்களைத் தவிர்க்க முயல்வர். வானியலாளருக்கு அந்த உரிமை இல்லை. 1,000 ஒளியாண்டுத் தொலைவிலுள்ள விண்மீனின் கோணம் 0.0033 விகலை, அதை அளப்பதில் 0.001 விகலை பிழை நேர்ந்தாலும் தொலைவின் மூன்றில் ஒரு பங்கு ஐயத்துக்குரியதாகிவிடும். காற்று மண்டலத்துக்கு வெளியே 1989இல் அனுப்பப்பட்ட ஹிப்பார்க்கஸ் விண்கலம் ஒரு லட்சத்துக்கு மேற்பட்ட விண்மீன்களின் கோணங்களையும், 2013இல் அனுப்பப்பட்ட கையா விண்கலம் நூறு கோடிக்கும் மேற்பட்ட விண்மீன்களின் கோணங்களையும் அளந்தது இக்காரணத்தால்தான். அதற்கும் அப்பாலுள்ள பொருள்களின் தொலைவு அவற்றின் ஒளிர்வைக் கொண்டு மதிப்பிடப்படுகிறது. ஆனால், அம்மதிப்பீட்டு முறைகள் சரியா என்று ஒப்பிட்டுப் பார்ப்பதற்கான அளவுகோல், முக்கோணத்தால் தொலைவு தெரிந்த அண்மை விண்மீன்களே. காவலூரில் ஒரு விண்மீனின் நிறமாலையை ஆராய்ந்து அதன் உண்மையான ஒளித்திறனைக் கூறும் ஆய்வாளரும், தம் கணக்கின் தொடக்கத்தில் எங்கோ ஒரு முக்கோணத்தை நம்பியே இருக்கிறார்.

சூரியனைச் சுற்றும் சிறுகோள்களின் பாதையும் சூரியன், பூமி, சிறுகோள் ஆகிய மூன்றும் ஆக்கும் முக்கோணங்கள் மாறிவருவதைக் கொண்டே கணிக்கப்படுகிறது. 1988ஆம் ஆண்டு பிப்ரவரி 17 அன்று காவலூரில் ஆர். ராஜமோகன் கண்டுபிடித்த சிறுகோள் அவ்வாறு பாதை வரையறுக்கப்பட்டு, 4130 என்னும் எண்ணோடு இராமானுஜன் என்னும் பெயரையும் பெற்றது. கணித மேதையின் பெயர் ஜவ்வாது மலையிலிருந்து வானத்துக்கு ஏறியது கணிதத்தின் துணையால்தான்.

முக்கோணப் பாடம் தேர்வுக்கான தேற்றப் பட்டியலாகச் சுருங்கிவிடாமல் காப்பது ஆசிரியர்களின் கையில் உள்ளது. ஒரு கோணமானியும், நூலில் கட்டிய கல்லும் இருந்தால், தமிழ்நாட்டின் எந்தப் பள்ளி மாணவரும் வடக்கு அடிவானம் தெளிந்த இரவில் துருவ நட்சத்திரத்தின் உயரத்தை அளந்து, தம் ஊரின் அட்சரேகையை 8 பாகைக்கும் 13½ பாகைக்கும் இடையே தாமே கண்டறிய முடியும். கணக்குப் பாடத்தில் முக்கோணம் வரும் வாரத்தில் பள்ளிகள் தோறும் இந்த ஓர் அளவீடாவது நடைபெற வேண்டும். தேற்றத்தின் உண்மையைத் தன் கையால் அளந்து கண்ட மாணவர் அதை மறப்பதில்லை.